புத்தக மூட்டையோடு கல்லூரி கல்லூரியாக நடந்த 'வாடிவாசல்' எழுத்தாளர்: யார் இந்த சி.சு.செல்லப்பா?

'வாடிவாசல்' என்றதும் பலருக்கு சூர்யா - வெற்றிமாறன் பட அறிவிப்புதான் ஞாபகம் வரும். ஜல்லிக்கட்டைக் களமாகக் கொண்ட அந்தக் குறுநாவலை எழுதியவர் சி.சு.செல்லப்பா. எழுத்தாளர் மட்டுமல்ல, கையைச் சுட்டுக்கொண்டும் விடாமல் பதிப்பகம் நடத்தியவர்.

1912-ல் பிறந்த செல்லப்பாவின் ஊர் வத்தலக்குண்டு. காந்தி மீது தீராத பற்று. 1941-ல் தனிநபர் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். 'மணிக்கொடி'யில் கதைகள் எழுதிப் பெயர் வாங்கினார்.

1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். சினிமா இல்லை. முக்கியமாக இலக்கிய விமர்சனம், புதுக்கவிதை.

அப்போது யாப்பு இல்லாமல் எழுதினால் அது கவிதையே இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். அந்த நேரத்தில்தான் ந.பிச்சமூர்த்தி, சி.மணி, இலங்கையின் திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் பிரமிள் என எல்லோருக்கும் 'எழுத்து' இடம் கொடுத்தது.

இதழோடு நிற்கவில்லை. 'எழுத்து பிரசுரம்' என்ற பெயரில் புத்தகங்களும் போட்டார். பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' அப்படி வந்ததுதான். 1962-ல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' கொண்டுவந்தார். தமிழ்ப் புதுக்கவிதையின் முதல் தொகுப்பு அது.

சரி, இதையெல்லாம் யார் வாங்குவது? அங்கேதான் சிக்கல். கடைகளை நம்பிப் பயனில்லை என்று புரிந்ததும், புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பதிப்பாளர், எடிட்டர், சேல்ஸ்மேன் எல்லாமே அவர்தான். லாபம் மட்டும் கடைசிவரை வரவில்லை. 119 இதழ்களோடு 1970-ல் 'எழுத்து' நின்றது.

அத்தோடு ஓய்ந்தாரா என்றால், இல்லை. 85 வயதை நெருங்கும்போது, விடுதலைப் போராட்டத்தைப் பற்றிய 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக 1997-ல் தானே அச்சிட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தபோது, வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

ஆனால், அன்று கவிதையே இல்லை என்று ஒதுக்கப்பட்ட புதுக்கவிதை, இன்று நம் இன்ஸ்டா ஸ்டேட்டஸ் வரை வந்துவிட்டது. அந்தப் பாதையில் ஒரு பகுதி, செல்லப்பா மூட்டை சுமந்து நடந்த பாதை.