சாலிம் அலி

சாலிம் அலி (நவம்பர் 12, 1896 – ஜூன் 20, 1987) புகழ்பெற்ற இந்தியப் பறவையியலாளர் ஆவார். இந்தியாவின் பறவை மனிதர் என அழைக்கப்படுகிறார். இந்தியப் பறவைகளின் வலசையை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர்.

இளமை

மும்பையில் பிறந்த சாலிம் அலி மூன்று வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றை அடையாளம் காண, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் சென்றார். அங்கு பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளைக் கண்டதே அவரது ஆர்வத்திற்கு வித்திட்டது.

கல்வியும் பணியும்

1914இல் பர்மா சென்று, குடும்பத்தாரின் சுரங்க, மரத் தொழில்களில் ஈடுபட்டார். 1918இல் தெகமினாவை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1926இல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். 1928இல் விடுப்பு பெற்று ஜெர்மனி சென்று, பெர்லினில் எர்வின் ஸ்திரெசுமானிடம் பயின்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளுக்கு வளையமிடும் முறையைக் கற்றார். 1930இல் நாடு திரும்பியபோது நிதிப் பற்றாக்குறையால் அவரது பதவி நீக்கப்பட்டிருந்தது.

பின்னர் கிஹிம் என்னும் கடலோர ஊரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமத்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புகளை நடத்தினார். இப்பயணங்களில் துணைநின்ற தெகமினா 1939இல் காலமானார். இந்தியப் பறவைகள் குறித்த இவரது புகழ்பெற்ற நூல் 1941இல் வெளியானது. தில்லான் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1964 முதல் 1974 வரை வெளிவந்தன.

வலசை ஆய்வு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஹாக் மலையில் வலசை செல்லும் பருந்துகளை உச்சியில் நின்று எண்ணும் பணி 1934இல் தொடங்கியது. மலைத்தொடரில் மேலெழும் காற்றைப் பயன்படுத்திப் பகலில் பறப்பதால் பருந்துகளைக் கண்ணால் எண்ண இயலும். சிறு பறவைகள் பலவும் இரவில் பறப்பவை. அவற்றின் பாதையை அறிய, மெல்லிய வலைகளில் பிடித்துக் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடுவித்தல் வேண்டும். அவ்வளையம் வேறோர் இடத்தில் மீண்டும் கிடைத்தால், பறவை கடந்த தொலைவு தெரியவரும். இம்முறையையே சாலிம் அலி பெரிய அளவில் செயற்படுத்தினார்.

1957இல் இன்றைய கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கியாசனூர்க் காட்டு நோய் பரவியது. அதைப் பரப்பும் உண்ணிகளை வடக்கிலிருந்து வரும் பறவைகள் கொண்டுவருகின்றனவா என்ற ஐயம் எழுந்தது. இதனால் உலக சுகாதார நிறுவனம் வளையமிடும் பணிக்கு நிதி வழங்கியது. பறவைகள் இந்நோயைக் கொண்டுவந்தன என்பது நிறுவப்படவில்லை. பின்னாளில் அமெரிக்கப் படைத்துறையின் நிதியும் இத்திட்டத்திற்குக் கிடைத்தமையால், 1970களில் இது நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு உள்ளானது. எனினும் இப்பணியில் திரட்டப்பட்ட தரவுகள் இந்திய வலசை ஆய்வுக்கு அடித்தளமாயின.

கோடியக்கரை

வேதாரண்யத்தை அடுத்துள்ள கோடியக்கரை, வளையமிடும் பணியின் முக்கிய களங்களுள் ஒன்றாகும். கடலுக்குள் நீண்ட நிலமுனையும் உப்பங்கழிகளும் உள்ள இங்கு, குளிர்காலத்தில் உள்ளான்கள், பூநாரைகள் எனப் பல்லாயிரம் நீர்ப்பறவைகள் கூடுகின்றன. இளவேனிலில் வலசைப் பறவைகள் வடக்கே திரும்புகின்றன. இப்பகுதி 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

பாதுகாப்புப் பணிகள்

விடுதலைக்குப் பின் நிதி நெருக்கடியில் இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்காக நேருவுக்கு எழுதி அரசின் உதவியைப் பெற்றார். பரத்பூர் பறவைகள் சரணாலயம், அமைதிப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் பாதுகாப்பிற்காகக் குரல் கொடுத்தார்.

சிறப்புகள்

பத்ம பூசண் (1958), பத்ம விபூசண் (1976) விருதுகளைப் பெற்றார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். மும்பையில் காலமானார். இவரது பெயரிலான பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் கோயம்புத்தூர் ஆனைகட்டியில் அமைந்துள்ளது.