பண்பலையைத் தந்தவரின் வழக்கு

காப்புரிமை என்பது கண்டுபிடிப்பாளருக்குச் சமூகம் அளிக்கும் வெகுமதி என்றே பொருளியல் வகுப்புகளில் பல்லாண்டு கற்பித்தேன். எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கையை அறிந்த பின் அத்துணை உறுதியாகக் கூற இயலவில்லை.

1890-இல் நியூயார்க்கில் பிறந்தவர் அவர். அன்றைய வானொலி, ஒலிக்கேற்ப அலையின் வீச்சை மாற்றி அனுப்பியது. மின்னல் எழுப்பும் இரைச்சலும் வீச்சிலேயே கலந்ததால், வானொலிப்பெட்டியால் இரண்டையும் பிரிக்க இயலவில்லை. ஆம்ஸ்ட்ராங் வீச்சை விடுத்து அதிர்வெண்ணை மாற்றினார். பெறும் முனையில் வீச்சின் ஏற்ற இறக்கங்களை வெட்டிவிட்டு, அதிர்வெண் மாற்றத்திலிருந்து மட்டும் ஒலியை மீட்டார். இரைச்சல் அடங்கியது. இதுவே நாம் கேட்கும் பண்பலை. 1933-இல் காப்புரிமை பெற்றார்.

1945-இல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் பண்பலையை வேறு அலைவரிசைக்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த பெட்டிகள் பயனற்றுப்போயின. உரிமத்தொகை தராத ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் மீது 1948-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அன்று காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகளாகவே இருந்தது. இத்தகைய வழக்கில் தாமதம் யாருக்கு ஆதாயம் என்பதைப் பொருளியல் படித்துத்தான் அறிய வேண்டுமென்பதில்லை. 1950-இல் காப்புரிமை காலாவதியானது, வழக்கு முடியவில்லை. செல்வம் கரைந்து, மனைவியும் பிரிந்த நிலையில், 1954 ஜனவரி இறுதியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவ்வாண்டே அவருடைய மனைவி மரியன், ஏறத்தாழ 10 லட்சம் டாலருக்கு அந்நிறுவனத்துடன் சமரசம் செய்துகொண்டார். 1940-இல் அதே நிறுவனம் தர முன்வந்து, ஆம்ஸ்ட்ராங் மறுத்த தொகையும் 10 லட்சம் டாலர்தான்.