மௌலா அலியில் ஒரு தாய்வழி வம்சம்

செகந்திராபாத் பக்கம் வசிக்கும் நம் அங்கத்தினர்களுக்கு மௌலா அலி என்றால் ரயில்வே ஷெட்டும், குவார்ட்டர்ஸும், பாறை மேல் ஏறும் ஏறக்குறைய ஐந்நூறு படிகளும்தான் நினைவுக்கு வரும். கோல்கொண்டா குதுப்ஷாஹி அரசர்கள் காலத்திலிருந்து அந்தக் குன்று ஹஜ்ரத் அலியின் பெயரால் புகழ் பெற்றது. நான் ரயில்வே உத்தியோகத்தில் அங்கே சில வருஷங்கள் இருந்தேன். குன்றின் அடிவாரத்தில் சுற்றுச்சுவருக்குள் ஒரு சமாதித் தோட்டம் உண்டு. அங்கே இருப்பவர் மஹ் லகா பாய் சந்தா. 1768-ல் பிறந்து 1824-ல் மறைந்த உருதுக் கவிஞர். நிஜாம் தர்பாரில் பாடி ஆடியவர்.

இவருடைய கவிதையை விட என்னை அதிகம் ஈர்த்தது இவர் வம்ச வரலாறு. அது முழுக்கப் பெண்கள் வழியாகவே போகிறது.

பாட்டியின் பெயர் சந்தா பீபி. மொகலாய சக்கரவர்த்தி முகம்மது ஷா காலத்தில், ஆமதாபாத்தில் க்வாஜா முகம்மது ஹுசேன் என்ற சர்க்கார் அதிகாரியின் மனைவி. கௌரவமான குடும்பம். சர்க்கார் பணத்தில் கை வைத்த கணவர், விஷயம் வெளியானதும் தலைமறைவாகிவிட்டார். சந்தா பீபி குழந்தைகளோடு தெருவில் நின்றார். ராஜஸ்தானத்தில் தேவ்லியா என்னும் சிற்றரசு வரை போய், ஆடிப் பாடிப் பிழைக்கும் பகதியர் கூட்டத்தில் அடைக்கலமானார்கள். பெண்கள் பாட்டும் நாட்டியமும் கற்றார்கள், பெயர்களும் மாறின. மீதா பீபி என்ற பெண் ராஜ் குன்வர் ஆனாள். அந்த ஊர் ராஜா அவளை விரும்பினார். ஒரு பெண் குழந்தை, மஹ்தாப், பிறந்தது. அரண்மனையில் விரோதம் முற்றவே, குடும்பம் மறுபடியும் மூட்டை கட்டித் தக்காணத்துக்கு வந்தது. புர்ஹான்பூர், பிறகு ஔரங்காபாத். அங்கே ராஜ் குன்வரை பகதூர் கான் என்ற மொகலாயப் பிரமுகர் மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பெண்ணுக்குப் பாட்டியின் பெயரையே வைத்தார்கள்: சந்தா.

பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்பது நம் வீடுகளிலும் உள்ள வழக்கம்தானே. ஆனால் யோசித்துப் பாருங்கள். புருஷன் ஓடிப்போய், ஊரை விட்டு, குலத்தை விட்டு வந்த ஒருத்தியின் பெயர் அது. மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அந்தப் பெயரை விட்டிருப்பார்கள்.

மஹ்தாபை நிஜாமின் திவானாக இருந்த ருக்ன் உத் தௌலா மணந்துகொண்டார். தமக்குக் குழந்தை இல்லாத மஹ்தாப், தங்கை சந்தாவைத் தம் வீட்டிலேயே வளர்த்தார். தான்சேன் பரம்பரையில் வந்த குஷால் கானிடம் சங்கீதம். அதோடு குதிரையேற்றம், வில் வித்தை. இரண்டாம் நிஜாம் படை நடத்திப் போனபோது மூன்று முறை கூடவே போயிருக்கிறார். 1802-ல் நிஜாம் தந்த பட்டம்தான் மஹ் லகா, அதாவது நிலவு முகத்தாள். தர்பாரில் பிரபுக்களுக்குச் சமமான அந்தஸ்தும், ஜாகீர் நிலங்களும் கிடைத்தன. இன்று உஸ்மானியா பல்கலைக்கழகம் இருக்கும் அடிக்மெட் பகுதியிலும் அவருக்கு நிலம் இருந்தது.

1798-ல் நிஜாம் கும்பினியாரோடு துணைப்படை ஒப்பந்தம் செய்தார். ஹைதராபாத்தில் வெள்ளைக்காரரின் கை ஓங்கிய சமயம். அதே வருஷம் தொகுத்த தம் கவிதைகளின் பிரதி ஒன்றை, 1799-ல் ரெசிடென்ஸியைச் சேர்ந்த காப்டன் ஜான் மால்கமுக்கு மஹ் லகா பரிசளித்தார். இந்த மால்கம்தான் பின்னால் பம்பாய் கவர்னர் ஆனவர். அந்தப் பிரதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. 125 கஜல்கள், ஒவ்வொன்றும் ஐந்து ஈரடிகள். உருதுவில் முழுத் தொகுப்பு கண்ட முதல் பெண் என்று இவரை நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். லுத்புன்னிசா இம்தியாஸின் தொகுப்பு ஒரு வருஷம் முந்தியது என்பது பிற்பாடு தெரிய வந்தது. முதலிடம் போனாலும் கஜல் கஜல்தான்!

நமக்குத் தெரிந்த தஞ்சாவூரிலும் இதற்கு இணை உண்டு. பிரதாபசிம்ம மகாராஜா சபையில் இருந்த முத்துப்பழனி, தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் பாடினார். அதில் தம் பாட்டி தஞ்சநாயகியைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். அந்த நூலை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தவர், திருவையாறு தியாகராஜ சமாதிக்காக உழைத்த பெங்களூர் நாகரத்தினம்மாள்.

நாம் அமாவாசை தர்ப்பணத்தில் அம்மாவின் அம்மா பெயரைச் சொல்லி எள்ளும் ஜலமும் விடுகிறோம். அதற்கு மேலே போனால் அம்மாவின் தகப்பனார் வழிப் பெண்கள்தான். மாதாமஹியைப் பெற்றவளுக்கு இடமில்லை. என் அம்மாவின் பாட்டி பெயரைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் தலைமுறையில் விசாரிக்க யாரும் மிச்சமில்லை. மஹ் லகாவின் சரித்திரம் எழுதியவர்களால் ஆமதாபாத் பாட்டி வரை போக முடிந்தது.

அவர் தம் செலவில் எழுத வைத்த சரித்திர நூலும் ஒன்று உண்டு. ஜௌஹர் என்ற புலவர் எழுதியது. அவர் பெயராலேயே மஹ்நாமா என்று வழங்குகிறது. சொந்தமாக நூலகம் வைத்திருந்தார். பல பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்துக் கலை கற்பித்தார்.

ராஜ் குன்வர் கர்ப்பமாக இருந்தபோது மௌலா அலிக்கு யாத்திரை வந்த இடத்தில் உயிருக்கே ஆபத்து வந்ததாகவும், சந்நிதியிலிருந்து கொண்டு வந்த கயிற்றைக் கட்டியதும் பிழைத்ததாகவும் சொல்வார்கள். கஜல் ஒவ்வொன்றின் முடிவிலும் மஹ் லகா அலியை வேண்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தாயார் காலமானதும் 1792-ல் அந்தக் குன்றின் அடிவாரத்திலேயே சமாதி எழுப்பினார். முப்பத்திரண்டு வருஷங்கள் கழித்து, தாமும் அங்கேயே அடங்கினார்.

வெகு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த இடத்தை 2010-11-ல் அமெரிக்க அரசின் நிதி உதவியோடு புதுப்பித்தார்கள். ஹைதராபாத் போகும் அன்பர்கள் குன்று ஏறும் முன் சற்று நேரம் ஒதுக்கினால் போதும். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.