முகமூடிக்குள் கழிந்த 37 ஆண்டுகள்: இகோர் குசென்கோவின் வாழ்க்கை

கனடாவின் டொரொண்டோ நகரை ஒட்டியுள்ள மிசிசாகாவில், 1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆம் தேதி, நீரிழிவு நோயால் கண்பார்வையை இழந்திருந்த ஒருவர் மாரடைப்பால் காலமானார். அண்டை வீட்டார் அவரை வேறொரு பெயரால் அறிந்திருந்தார்கள். அவரது குடும்பம் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்து குடியேறிய குடும்பம் என்றே சொல்லப்பட்டு வந்தது. உண்மையில் அவர், இரண்டாம் உலகப் போர் முடிந்த சில நாட்களிலேயே மேற்கு நாடுகளுக்கும் மாஸ்கோவுக்கும் இடையில் பெரும் விரிசல் உருவாகக் காரணமாக இருந்த இகோர் குசென்கோ.

பனிப்போர் எந்த நாளில் தொடங்கியது என்ற கேள்விக்கு வரலாற்றாசிரியர்கள் பல பதில்களைத் தருகின்றனர். அவர்களில் ஒரு சாரார் சுட்டிக்காட்டுவது 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதியை. அன்றிரவு ஒட்டாவாவில் உள்ள சோவியத் தூதரகத்தில் இருந்து, 26 வயதான குசென்கோ 109 ஆவணங்களைத் தனது உடைக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினார்.

சங்கேத எழுத்தர்

மாஸ்கோவுக்கு அருகே 1919ஆம் ஆண்டில் பிறந்த குசென்கோ, மாஸ்கோவில் கட்டடக் கலை பயின்றவர். அங்குதான் தனது வருங்கால மனைவி ஸ்வெட்லானாவைச் சந்தித்தார். போர் மூண்டதை அடுத்து, சங்கேத மொழியில் செய்திகளை எழுதவும் படிக்கவும் பயிற்சி பெற்று, ஜி.ஆர்.யு. எனப்படும் சோவியத் ராணுவப் புலனாய்வுத் துறையில் பணியமர்த்தப்பட்டார். 1943ஆம் ஆண்டு கோடையில் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்.

ஒட்டாவாவில் அவரது மேலதிகாரியாக இருந்தவர் கர்னல் நிக்கோலாய் சபோட்டின். வெளிப்பார்வைக்கு அவர் தூதரகத்தின் ராணுவ இணைப்பதிகாரி; உள்ளுக்குள், கனடாவில் இயங்கிய ராணுவ உளவு வலையமைப்பின் தலைவர். அந்த வலையமைப்புக்கும் மாஸ்கோவுக்கும் இடையே சென்ற தந்திகள் அனைத்தும் குசென்கோவின் கைகள் வழியாகவே சென்றன. முகவர்களின் புனைபெயர்கள், அவர்கள் கொடுத்த தகவல்கள், அவர்களிடம் அடுத்துக் கேட்க வேண்டியவை என எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தன.

தாயகம் திரும்புமாறு உத்தரவு வந்தபோது, அவர் மனம் மாறியது. கனடாவில் தாம் கண்ட வாழ்க்கையை விட்டு, தனது நாட்டின் அச்சச் சூழலுக்கு மனைவியையும் சிறு குழந்தையையும் அழைத்துச் செல்ல அவர் விரும்பவில்லை. ஸ்வெட்லானா அப்போது இரண்டாவது குழந்தையைக் கருவில் சுமந்திருந்தார்.

கேட்பாரற்ற இரண்டு நாட்கள்

உளவாளி ஒருவர் அணி மாறினால், புகலிடம் தரும் நாடு அவரை இரு கரம் நீட்டி வரவேற்கும் என்பது திரைப்படங்கள் ஏற்படுத்திய எண்ணம். குசென்கோவுக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறானது.

முதலில் அவர் ஒட்டாவா ஜர்னல் நாளிதழின் அலுவலகத்துக்குச் சென்றார். இரவுப் பணியில் இருந்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. மறுநாள் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு நீதி அமைச்சகத்துக்குச் சென்று காத்திருந்தார். அமைச்சரைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. மீண்டும் நாளிதழுக்குச் சென்றும் பயனில்லை.

அதேவேளை, விடயம் பிரதமர் மெக்கன்சி கிங்கின் காதுக்கு எட்டியிருந்தது. போர்க்கால நட்பு நாடான சோவியத் ஒன்றியத்துடன் பகை வளர்க்க அவர் விரும்பவில்லை. குசென்கோ தற்கொலை செய்துகொள்வாரேயானால் நகரப் பொலிஸார் மூலம் ஆவணங்களைக் கைப்பற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அப்போது பேசப்பட்டது என்பதைக் கிங்கின் நாட்குறிப்பே காட்டுகிறது.

செப்டம்பர் 6ஆம் தேதி இரவு, சாமர்செட் வீதியில் இருந்த தனது அடுக்குமாடிக் குடியிருப்பை யாரோ கண்காணிப்பதைக் குசென்கோ உணர்ந்தார். அண்டை வீட்டில் இருந்த கனேடிய விமானப்படை வீரர் ஒருவர் மிதிவண்டியில் சென்று பொலிஸாரை அழைத்து வந்தார். எதிர் வீட்டுப் பெண் ஒருவர் குடும்பத்தைத் தனது வீட்டில் ஒளித்து வைத்தார். நள்ளிரவை ஒட்டி, தூதரக அதிகாரி விட்டாலி பாவ்லோவ் தலைமையில் நான்கு பேர் வந்து குசென்கோவின் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே நுழைந்தனர். அவர்கள் அலமாரிகளைத் துருவிக்கொண்டிருந்தபோது ஒட்டாவா நகரப் பொலிஸார் வந்து சேர்ந்தனர். வெறுங்கையுடன் அவர்கள் திரும்பிச் செல்ல நேர்ந்தது.

அரசு தயங்கி நின்ற இடத்தில், அந்தக் குடும்பத்தின் உயிரைக் காப்பாற்றியது அண்டை வீட்டாரின் துணிவே. மறுநாள் காலையில்தான் ஆர்.சி.எம்.பி. எனப்படும் கனேடிய மத்திய பொலிஸார் குசென்கோவைத் தமது பொறுப்பில் எடுத்துக்கொண்டனர்.

ஏரிக்கரையில் ஒரு மறைவிடம்

சில வாரங்கள் இடம் மாறி இடம் வைக்கப்பட்ட பின்னர், அந்தக் குடும்பம் டொரொண்டோவுக்குக் கிழக்கே, விட்பி, ஒஷாவா நகரங்களுக்கு இடையில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் அமைந்திருந்த 'கேம்ப் எக்ஸ்' முகாமில் தங்க வைக்கப்பட்டது. கனடாவில் பிறந்த பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவர் வில்லியம் ஸ்டீபன்சனின் ஏற்பாட்டில் 1941ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த முகாம், நாஜி ஜெர்மனியின் பிடியில் இருந்த நாடுகளுக்குள் இரகசியமாக அனுப்பப்படவிருந்தவர்களுக்குப் பயிற்சி அளித்த இடமாகும்.

குசென்கோ தந்த ஆவணங்களின் கனம் அங்கிருந்தே படிப்படியாக வெளிப்பட்டது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. அவர் தூதரகத்தை விட்டு வெளியேறிய அதே செப்டம்பர் 5ஆம் தேதிதான், ஒன்டாரியோவின் சாக் ரிவரில் கனடாவின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. கனடாவில் அணு ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஆலன் நன் மே, சிறிதளவு யுரேனியத்தைச் சோவியத் தரப்புக்குக் கையளித்திருந்தது இந்த ஆவணங்களின் மூலம் தெரியவந்தது. அவருக்கு 1946இல் லண்டனில் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கனேடிய நாடாளுமன்றத்தின் கம்யூனிச உறுப்பினரான பிரெட் ரோஸ், ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

வேட்டையின் மறுபக்கம்

குசென்கோ அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. சோவியத் உளவுத்துறையில் இருந்து விலகிய இக்னாஸ் ரெய்ஸ், 1937இல் சுவிட்சர்லாந்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது நண்பர் வால்டர் கிரிவிட்ஸ்கி, 1941இல் வாஷிங்டன் விடுதி அறை ஒன்றில் துப்பாக்கிக் காயத்துடன் இறந்து கிடந்தார். தற்கொலை என்று அது பதிவு செய்யப்பட்டாலும், சந்தேகங்கள் தீரவில்லை. ட்ரொட்ஸ்கி 1940இல் மெக்சிகோவில் கொல்லப்பட்டதை உலகமே அறியும்.

குசென்கோ வெளியேறிய அதே வாரங்களில், இஸ்தான்புல்லில் இருந்த சோவியத் உளவு அதிகாரி கான்ஸ்டன்டின் வோல்கோவ், பிரிட்டனிடம் புகலிடம் கேட்டார். அந்தக் கோரிக்கையைக் கையாளும் பொறுப்பு பிரிட்டிஷ் உளவுத்துறையில் கிம் ஃபில்பியிடம் சென்றது. ஃபில்பியோ மாஸ்கோவின் இரகசிய முகவர். அவர் வேண்டுமென்றே காலம் கடத்த, வோல்கோவ் மாஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். குசென்கோ பற்றிய தகவல்களும் ஃபில்பி வழியாகவே மாஸ்கோவைச் சென்றடைந்தன. குசென்கோவை விட்டுவைத்தமைக்காக சபோட்டின் நாட்டுக்குத் திரும்ப அழைக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்.

எனினும், குசென்கோவைக் கொல்ல ஸ்டாலின் அனுமதிக்கவில்லை என்று, அன்று கதவை உடைத்த பாவ்லோவ் பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் எழுதிய நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. போரில் வென்று உலகின் மதிப்பைப் பெற்றிருந்த நேரத்தில், அதைக் கெடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை என்பது அதில் தரப்படும் விளக்கம். அது உண்மையானால், குசென்கோ 37 ஆண்டுகள் அஞ்சிக் காத்திருந்த கொலையாளி அனுப்பப்படவே இல்லை. ஆனால் அதை அறியும் வழி அவருக்கு இருக்கவில்லை. பழிவாங்கும் வல்லமை உடைய ஓர் அரசு, ஒருவரை முடக்கிப்போட ஆளை அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பக்கூடும் என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

சட்டத்தின் பெயரால்

குசென்கோவின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1946ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் தேதி கனேடிய அரசு, போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட இரகசிய ஆணையைப் பயன்படுத்தி, சந்தேக நபர்களைக் கைது செய்தது. அப்போது போர் முடிந்து ஐந்து மாதங்களுக்கு மேலாகியிருந்தது. கைதானவர்கள் வழக்கறிஞரையோ குடும்பத்தினரையோ காண அனுமதியின்றி, வாரக்கணக்கில் ஒட்டாவாவில் தடுத்து வைக்கப்பட்டனர். நீதிபதிகள் டாஷ்ரோ, கெல்லக் ஆகிய இருவர் கொண்ட ஆணைக்குழு அவர்களை மூடிய அறையில் விசாரித்தது. அங்கு அவர்கள் அளித்த வாக்குமூலங்களே பின்னர் நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகப் பயன்பட்டன.

நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே தண்டிக்கப்பட்டனர். விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவர் கணிதவியல் பேராசிரியர் இஸ்ரேல் ஹால்பெரின். பின்னாளில் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், உருகுவே கணிதவியலாளர் ஹொசே லூயிஸ் மசேரா உள்ளிட்ட, உலகெங்கும் சிறைவைக்கப்பட்ட அறிஞர்களின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தார். விசாரணையின்றித் தடுத்து வைக்கப்படுவது எத்தகையது என்பது அவருக்குச் சொந்த அனுபவமாக இருந்தது.

அன்று நாடாளுமன்றத்தில் இந்த நடவடிக்கையைக் கண்டித்தவர்களில் ஒருவரான ஜான் டீஃபன்பேக்கர், பின்னர் பிரதமராகி, 1960இல் கனேடிய உரிமைகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும், இந்தியாவில் பின்னர் கைவிடப்பட்ட தடா சட்டத்தையும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு, தடுப்புக்காவலில் பெறப்படும் வாக்குமூலம் பற்றிய இந்த விவாதம் புதிதாக இராது. கனடா போன்ற ஒரு ஜனநாயக நாடும், அச்சம் மேலோங்கிய வேளையில் அதே பாதையில் கால்வைத்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. ஓர் அடக்குமுறை அரசில் இருந்து தப்பிவந்தவரின் சாட்சியம், அடைக்கலம் தந்த நாட்டில் சிலரின் உரிமைகளைப் பறிப்பதற்கு வழிவகுத்தது என்பது இந்த வரலாற்றின் முரண்.

வெள்ளைத் துணிக்குப் பின்னால்

விசாரணைகள் ஓய்ந்த பின்னர் குசென்கோ குடும்பம் புதிய பெயருடன் டொரொண்டோவுக்கு மேற்கே குடியேறியது. அவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள். தமது பெற்றோர் உண்மையில் யார் என்பது பிள்ளைகளுக்கு வளர்ந்த பின்னரே சொல்லப்பட்டது.

மறைந்து வாழ வேண்டிய அந்த மனிதர், மறக்கப்படவும் விரும்பவில்லை. 1948இல் அவரது தன்வரலாறு வெளியானது. அதே ஆண்டு ஹாலிவுட் அவரது கதையைத் 'தி அயர்ன் கர்ட்டன்' என்ற பெயரில் படமாக்கியது. 1954இல் வெளியான அவரது நாவல், கனடாவின் உயரிய இலக்கிய விருதான ஆளுநர் நாயகம் விருதைப் பெற்றது. தொலைக்காட்சியில் தோன்றும்போதெல்லாம், தலை முழுவதையும் மூடும் வெள்ளைத் துணியுடன், கண்களுக்கு மட்டும் துளையிட்டு அவர் அமர்ந்திருப்பார். ஒரு தலைமுறைக் கனேடியர்களுக்கு அவரது முகம் என்பது அந்தத் துணிதான்.

கனேடிய அரசு அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. ஆயினும் பணத் தட்டுப்பாடும், தம்மைப் பற்றி எழுதியவர்கள் மீது அவர் தொடுத்த அவதூறு வழக்குகளும் அவரைத் தொடர்ந்தன. காலப்போக்கில், பணத்தாசை பிடித்தவர், யாரையும் நம்பாதவர் என்று சிலர் அவரைச் சித்தரித்தனர். எந்த நேரத்திலும் கதவு உடைக்கப்படலாம் என்று எண்ணி வாழ்ந்த ஒருவர் எளிதில் பிறரை நம்புவார் என எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை.

பெயரை மாற்றிக்கொண்டு வாழ்தல், தாயகத்தில் உள்ள உறவினருக்கு என்ன நேருமோ என்று வாய் திறக்கத் தயங்குதல், கடந்த காலத்தைப் பிள்ளைகளிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்று திகைத்தல் ஆகியவை, குசென்கோவுக்குப் பின் டொரொண்டோவுக்கு வந்து சேர்ந்த பல சமூகத்தினரும், அவர்களுள் ஈழத்தமிழரும் அறிந்தவையே. 1978இல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்கோவும், 2006இல் அதே நகரில் அலெக்சாண்டர் லித்வினென்கோவும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதும், 2018இல் சால்ஸ்பரியில் செர்கே ஸ்கிரிபால் நஞ்சினால் தாக்கப்பட்டதும், அத்தகைய அச்சம் வெறும் மனப்பிரமை அல்ல என்பதற்குச் சான்றுகள்.

கணவரின் உண்மைப் பெயரைக் கல்லறையில் பொறிக்காமலேயே ஸ்வெட்லானா 2001ஆம் ஆண்டு மறைந்து, அவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டில், இருவரின் உண்மைப் பெயர்களையும் தாங்கிய கல்லைப் பிள்ளைகள் நிறுவினர். 2003இலும் 2004இலும், ஒட்டாவா நகராட்சியும் மத்திய அரசும், சாமர்செட் வீதிக் குடியிருப்புக்கு எதிரே உள்ள டண்டனால்ட் பூங்காவில் நினைவுப் பலகைகளைத் திறந்து வைத்தன. 1945இல் இரண்டு நாட்கள் கதவு கதவாகத் தட்டியும் ஒருவரும் செவிகொடுக்காத தலைநகரில், குசென்கோவின் பெயர் பொது இடத்தில் எழுதப்பட ஏறத்தாழ ஆறு பத்தாண்டுகள் தேவைப்பட்டன.