ஒரு கல்வெட்டு வரியும் ஒரு நாவலும்: கல்கியின் வாழ்க்கை

‘பொன்னியின் செல்வன்’ 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தது. படம் பார்த்த ஆர்வத்தில் நாவலைக் கையில் எடுத்த மாணவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. முதல் பாகத்தைக்கூட முடிக்காமல் மூடி வைத்தவர்களும் உண்டு. கதை பிடிக்காததால் அல்ல. இடையிடையே வந்த சொற்கள் தடுத்துவிட்டன. இலச்சினை, வேளக்காரப் படை, ஆபத்துதவிகள், காளாமுகர், குரவைக்கூத்து என்று ஒவ்வொன்றும் வழியில் கிடக்கும் கல்லாகத் தோன்றியிருக்கும்.

அந்தக் கற்களைப் புரட்டிப் பார்த்தால்தான் அந்த நாவலின் முழுச் சுவையும் கிடைக்கும். ஏனென்றால், அதை எழுதியவரே அப்படிப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதினார். பள்ளி இறுதித் தேர்வுகூட எழுதாத ஒருவர், ஒரு தலைமுறைத் தமிழருக்கே சோழர் வரலாற்றை அறிமுகம் செய்த கதை இது.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன்

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ஆம் நாள் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கர்ணம், அதாவது ஊரின் நிலக்கணக்கு எழுதுபவர். வசதியான குடும்பம் அல்ல. தொடக்கக் கல்வி சொந்த ஊரில் முடிந்தது. பிறகு மாயவரத்திலும் திருச்சியிலும் உயர்நிலைப் பள்ளியில் படித்தார்.

1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. ஆங்கிலேய அரசின் பள்ளிகளை விட்டு வெளியேறுமாறு மாணவர்களுக்கு அழைப்பு வந்தது. இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சான்றிதழ் இருந்தால் அரசாங்க வேலை கிடைக்கும், குடும்பத்தின் கஷ்டம் தீரும். இருந்தும் கிருஷ்ணமூர்த்தி பள்ளியை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே மேடையில் பேசியதற்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

எஸ்.பி.எம். தேர்வு வாசலில் நிற்கும் நம் மாணவர்களுக்கு அந்த முடிவின் கனம் புரியும். பள்ளியை விட்டவர் படிப்பை விடவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

எளிய தமிழின் பிள்ளை

1923-இல் திரு.வி.க. நடத்திய ‘நவசக்தி’ இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். தேர்ந்த தமிழறிஞர் ஒருவரின் கீழ் எழுத்துப் பயிற்சி கிடைத்தது. காந்தியடிகளின் தன்வரலாற்றைத் தமிழாக்கியதும் அந்தக் காலத்தில்தான். பிறகு ராஜாஜியின் திருச்செங்கோடு ஆசிரமத்திற்குச் சென்று, மதுவிலக்குக்காக வெளிவந்த ‘விமோசனம்’ இதழில் பணியாற்றினார். மதுவின் தீமையைப் பாமர மக்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுத வேண்டும். பண்டிதத் தமிழ் அங்கே பயன்படாது.

அந்த எளிய நடையோடு ‘ஆனந்த விகடன்’ ஆசிரியரானார். ‘கல்கி’ என்னும் புனைபெயர் வீடுதோறும் தெரிந்த பெயராயிற்று. 1941-இல் விகடனை விட்டு விலகினார். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறை சென்றார். வெளியே வந்ததும் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அதற்கான பணத்தில் பெரும்பகுதி, எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நடித்ததால் வந்தது.

புதிய இதழில் ‘பார்த்திபன் கனவு’, அடுத்து ‘சிவகாமியின் சபதம்’ எனப் பல்லவர் காலக் கதைகள் தொடராக வந்தன. 642-இல் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றது வரலாறு. படைத்தலைவர் பரஞ்சோதியே பின்னாளில் சிறுத்தொண்டர் ஆனார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. சிவகாமி மட்டும் கல்கியின் கற்பனை. தெரிந்ததையும் தெரியாததையும் பின்னும் இந்த முறைதான் அவரது அடுத்த பெரிய வேலைக்கு அடித்தளம்.

பேராக்கில் முள்வேலி, பத்திரிகையில் சோழநாடு

1950 அக்டோபர் 29-இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது. அந்தக் காலத்தில் நம் பேராக் எப்படி இருந்தது? 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டிருந்தது. நாவல் வெளிவந்த மூன்றரை ஆண்டுகளும் நம் தாத்தா பாட்டிகள் ஊரடங்குக்கும் சோதனைக்கும் நடுவே பால்மரம் சீவிய ஆண்டுகளே. தமிழகத்து வார இதழ் கப்பலேறி வந்து, ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குக் கைமாறிய காலம் அது. எழுத்து தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது தோட்டத்துப் பழக்கம்.

அவர்களிடம் அகராதி இல்லை. அதை அறிந்தவர் போலவே கல்கி எழுதினார். பழைய சொல்லோ பெயரோ வரும்போது, கதையை ஓரிரு வரி நிறுத்தி அது என்ன என்று விளக்குவார். எந்தக் கல்வெட்டில் இந்தச் செய்தி இருக்கிறது என்றும் இடையில் சொல்லிவிடுவார். கடினம் என்று நாம் நினைக்கும் பல இடங்களுக்கு விளக்கம் அதே பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ காத்திருக்கிறது. அவசரமாகப் புரட்டுகிறவருக்குத்தான் அது தென்படாது.

ஏரிக்கரையில் ஒரு கல்வெட்டு

கதை, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு தொடங்குகிறது. இன்று அதன் பெயர் வீராணம் ஏரி. ‘வீரநாராயணன்’ என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். ஏரியை அடுத்துள்ள ஊர் காட்டுமன்னார்கோயில். கல்கி பிறந்த புத்தமங்கலம் கொள்ளிடத்துக்குத் தெற்கே என்றால், இந்த ஊர் வடக்கே. இரண்டுக்கும் தூரம் அதிகம் இல்லை.

காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதியான உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டைச் சேர்ந்த, அதாவது சுமார் 987-ஆம் ஆண்டின் கல்வெட்டு ஒன்று உள்ளது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினரது நிலங்களைப் பறிமுதல் செய்வது பற்றிய ஆணை அது. கொலையாளிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் அதில் உள்ளன. நாவலில் நள்ளிரவில் சதி செய்யும் அதே பெயர்கள்!

அந்தக் கல்வெட்டில் ரவிதாசனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பஞ்சவன் பிரமாதிராஜன். ‘பஞ்சவன்’ என்றால் என்ன என்று அகராதியைத் திறந்தால், பாண்டியன் என்று பொருள் இருக்கும். ஆதித்த கரிகாலன் வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன் எனப் பெயர் பெற்றவன். கொலைக்கான காரணம் ஒற்றைச் சொல்லுக்குள் எட்டிப் பார்க்கிறது அல்லவா? பாண்டியனின் உயிருக்குக் காவலாக நின்ற ஆபத்துதவிகள் பழி தீர்க்கத் துடிப்பதாகக் கல்கி கதை பின்னியது இதனால்தான்.

ஆனால் பரமேசுவரனின் பட்டப்பெயரோ இருமுடிச்சோழ பிரமாதிராஜன். அது சோழர் தந்த பட்டமாகத் தெரிகிறது. அப்படியானால் சோழ அரசின் அதிகாரிகளே இதில் கலந்திருந்தார்களா? ஆதித்தன் இறந்தது சுமார் 970-இல். தண்டனை ஏன் இத்தனை ஆண்டுகள் தாமதமானது? வரலாற்று ஆசிரியர்கள் இதில் இன்னும் ஒருமனதாக இல்லை. கல்கியும் பொய்யாக முடிச்சை அவிழ்த்துவிடவில்லை. கரிகாலன் யார் கையால் இறந்தான் என்பதை நாவல் மங்கலாகவே விட்டுவிடுகிறது. ஆதாரம் முடிந்த இடத்தில் கதாசிரியரும் நின்றுகொண்டார்.

பெயரிலிருந்து பிறந்த நாயகன்

நாவலின் நாயகன் வந்தியத்தேவன் யார்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்காள் குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடப்படுகிறாள். அவனது குறும்பு, துணிச்சல், ஆபத்தில் மாட்டித் தப்பும் சாமர்த்தியம் எல்லாம் கல்கி கொடுத்தவை. நாவலின் கடைசிப் பாகமான ‘தியாக சிகரம்’ திருவாலங்காட்டுச் செப்பேட்டிலிருந்து முளைத்தது. மக்கள் அரசனாகுமாறு வேண்டியும், சிற்றப்பனுக்கு ஆசை உள்ளவரை தனக்கு அரியணை வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கியதாக அந்தச் செப்பேடு சொல்கிறது.

நந்தினியைத் தேடினால் எந்தக் கல்வெட்டிலும் கிடைக்கமாட்டாள். ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் அப்படியே. தேடியும் கிடைக்காததும் ஒரு விடைதான். இது வரலாறு, இது கற்பனை என்று பிரிக்கத் தெரிந்தவரே நாவலை முழுமையாகப் படித்தவர்.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறும் அப்போது வெளிவந்திருந்தன. நூல்களோடு கல்கி நின்றுவிடவில்லை. ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு இலங்கை உள்ளிட்ட இடங்களுக்குப் பயணம் செய்தார். அநுராதபுரமும் தம்புள்ளையும் நாவலில் அத்தனை உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நாகப்பட்டினத்தில் நம் கடாரம்

இந்த நாவலில் மலேசிய வாசகர் கட்டாயம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காய்ச்சலில் விழுந்த அருள்மொழி நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் புத்த பிக்குகளால் காப்பாற்றப்படுகிறான். சூடாமணி என்பது யார் பெயர் என்று தேடினால், ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் வந்து நிற்பான். கடாரம் என்பது நம் கெடா. அவன் பெயரில் எழுந்த அந்த விகாரத்திற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாகக் கொடுத்தான். கொடையைச் சொல்லும் செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்ததால், அவற்றுக்கு லைடன் செப்பேடுகள் என்றும் பெயர்.

செப்பேடு சொல்லும் விகாரம் ராஜராஜன் அரசனான பிறகு எழுந்தது. நாவலிலோ அவன் இளவரசனாக இருக்கும்போதே அது நிற்கிறது. கதைக்காகக் காலம் முன்னே நகர்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் மாணவர் கல்கியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நாவல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அவர் கண்ணாரப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

முடியாமல் நின்ற கதை

1954-இல் நாவல் முடிந்தது. வாசகர்கள் திருப்தி அடையவில்லை. இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேள்விகள் குவிந்தன. அவற்றுக்காகவே கல்கி ஒரு நீண்ட முடிவுரை எழுதினார். கதைமாந்தரின் பிற்கால வாழ்க்கையையும், கதைக்குப் பின்னாலிருந்த வரலாற்றையும் விளக்கினார். கேட்கும் வாசகரை அவர் தொல்லையாக நினைக்கவில்லை.

அப்போது காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் ‘அமரதாரா’ என்னும் அடுத்த தொடரை எழுதினார். அது முடியுமுன், 1954 டிசம்பர் 5-ஆம் நாள், 55 வயதில் சென்னையில் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அக்கதையை முடித்து வைத்தார். ‘அலை ஓசை’ நாவலுக்காக 1956-இல் சாகித்திய அகாதமி விருது அவரது மறைவுக்குப் பின் வந்து சேர்ந்தது. 1999-இல் தமிழக அரசு அவரது எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. இன்று ஒரு காசு செலவில்லாமல் அவற்றைப் படிக்கலாம். அகராதியும் கைப்பேசியிலேயே இருக்கிறது. லயத்தில் கூடி அமர்ந்து கேட்டவர்களுக்கு இல்லாத வசதி இது.

புருவாஸ் வரை

அடுத்த முறை நாவலைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சொல்லையும் தேட வேண்டாம், கதை அறுந்துவிடும். ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று போதும். பொருள் தெரியாத சொல்லா, வரலாற்றுப் பெயரா, வெறும் கற்பனையா என்று பிரித்து எழுதுங்கள்.

பழகிய கண் ஊருக்குள்ளும் தேடும். நம் பேராக்கின் புருவாஸ் வட்டாரத்தில் கங்கா நகரம் என்றொரு பழைய அரசு இருந்ததாகவும், ராஜா சூரன் என்பவன் அதை அழித்ததாகவும் ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. அந்த ராஜா சூரன், ராஜராஜனின் மகன் ராஜேந்திரனே என்று கருதுவோர் உண்டு. ஆனால் 1025-இல் நடந்த படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் கடாரமும் ஸ்ரீவிஜயமும் இன்னும் பல ஊர்களும் இருக்கின்றன. கங்கா நகரம் என்ற பெயர் இல்லை.

பிறகு உண்மை எது? ஈப்போவிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய் வரக்கூடிய தூரத்தில் புருவாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பாருங்கள். கல்கி இருந்திருந்தால், மணியத்தையும் அழைத்துக்கொண்டு நமக்கு முன்னால் அங்கே போய் நின்றிருப்பார்.