வாலஸ் கரோதர்ஸ்

வாலஸ் ஹியூம் கரோதர்ஸ் (ஏப்ரல் 27, 1896 – ஏப்ரல் 29, 1937) ஓர் அமெரிக்கக் கரிம வேதியியலாளர் ஆவார். இவர் நைலான் இழையைக் கண்டுபிடித்தவராக அறியப்படுகிறார். சிறு மூலக்கூறுகள் தொடராகப் பிணைந்து உருவாகும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பலபடிகள் எனப்படுகின்றன. இவற்றை நன்கறிந்த வேதிவினைகளால் படிப்படியாக உருவாக்கி, அவற்றின் இயல்பை இவர் தெளிவுபடுத்தினார்.

இளமையும் கல்வியும்

கரோதர்ஸ் அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்தார். மிசூரி மாநிலத்தின் டார்கியோ கல்லூரியில் 1920 இல் பட்டம் பெற்றார். இலினொய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் என்பவரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1924 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1926 முதல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். டியுபான்ட் நிறுவனம் அழைத்தபோது, தமது உளச்சோர்வு பணிக்குத் தடையாகலாம் எனக் கூறி முதலில் தயங்கினார். பின்னர் இசைந்து, 1928 இல் வில்மிங்டனிலுள்ள அந்நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

ஆய்வுகள்

பலபடிகள் சிறு மூலக்கூறுகளின் வெறும் திரளே என அக்காலத்தில் பலர் கருதினர். அவை உண்மையான பெருமூலக்கூறுகள் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கரின் கருத்தை கரோதர்ஸின் ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

1930 ஏப்ரலில் இவரது குழுவினர் இரு முக்கிய முடிவுகளை எட்டினர். முதலாவதாக, ஆர்னால்ட் காலின்ஸ் பின்னர் நியோப்ரீன் எனப்பட்ட செயற்கை ரப்பரைப் பெற்றார். இரண்டாவது பாலியெஸ்டர் பற்றியது. அமிலமும் ஆல்ககாலும் வினைபுரியும்போது நீர் உண்டாகிறது. அந்நீர் வினையைப் பின்னோக்கித் திருப்புவதால் சங்கிலி நீளாமல் நின்றுவிடுகிறது. வெற்றிடத்தில் இயங்கும் சிறப்பு வடிகலன் மூலம் நீரை அகற்றியபோது மிக நீண்ட சங்கிலிகள் கிடைத்தன. ஜூலியன் ஹில் இப்பொருளை இழையாக்கி, குளிர்ந்த நிலையில் இழுத்தார். மூலக்கூறுகள் இழுவிசையின் திசையில் வரிசையாக அமைந்ததால் இழை வலிமையும் பளபளப்பும் பெற்றது. ஆயினும் அது குறைந்த வெப்பத்திலேயே உருகியதால் துணிக்கு ஏற்றதாக இல்லை.

எனவே 1934 இல் கரோதர்ஸ் பாலியமைடுகள் மீது கவனம் செலுத்தினார். 1935 பெப்ரவரி 28 அன்று நைலான் 66 உருவாக்கப்பட்டது. இதன் இரு மூலப்பொருட்களிலும் ஆறு கரிம அணுக்கள் உள்ளமையே இப்பெயருக்குக் காரணம்.

இறுதிக் காலம்

1936 இல் இவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் ஹெலன் ஸ்வீட்மனை மணந்தார். எனினும் உளச்சோர்வு தீவிரமடைந்தது. 1937 சனவரியில் சகோதரி இசபெல் இறந்தது இவரை மேலும் பாதித்தது. தமது 41 ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களுக்குப் பின் பிலடெல்பியாவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இவரது மகள் அவ்வாண்டு நவம்பரில் பிறந்தார்.

தாக்கம்

நைலான் 1938 இல் அறிவிக்கப்பட்டது. 1940 மே மாதம் நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரில் நைலான் வான்குடைகளுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் பாலியமைடு வகைப் பலபடிகள் உள்ளீடற்ற நுண்ணிழைகளாக நூற்கப்பட்டு, உவர்நீரை நன்னீராக்கவும் பயன்பட்டன. இவரது குழுவில் பணியைத் தொடங்கிய பால் புளோரி 1974 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். தாம் உருவாக்கிய இழை மக்களிடம் அடைந்த வரவேற்பைக் கரோதர்ஸ் காணவில்லை.