நைன் சிங் ராவத்

பண்டிதர் நைன் சிங் ராவத் (1830 - 1882) இமயமலைப் பகுதிகளையும் திபெத்தையும் கால்நடையாகவே அளந்து நிலப்படத்தில் சேர்த்த இந்திய நாடுகாண் பயணியும் நில அளவையாளரும் ஆவார். லாசா நகரின் அமைவிடத்தைக் கருவிகளின் துணையோடு கணித்தவர் என்ற வகையிலும், சாங்போ ஆற்றின் நெடுந்தொலைவைப் படத்தில் வரைந்தவர் என்ற வகையிலும் புவியியல் வரலாற்றில் இவர் சிறப்பிடம் பெறுகிறார்.

பிறப்பும் இளமையும்

நைன் சிங், 1830 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள் குமாவுன் பகுதியின் ஜோகார் பள்ளத்தாக்கிலுள்ள மிலாம் என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தார். இக்கிராமம் இன்று உத்தராகண்ட் மாநிலத்தின் பித்தோராகர் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் பெயர் அமர் சிங். இவ்வூர் மக்கள் கோடைதோறும் உயர்ந்த கணவாய்களைக் கடந்து திபெத்துடன் வணிகம் செய்து வந்தனர். ஆகவே திபெத்திய மொழியும் பழக்கவழக்கங்களும் நைன் சிங்குக்கு இளமையிலேயே அறிமுகமாயின.

1855 இல் செருமானிய அறிவியலாளர்களான ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து மானசரோவர் ஏரி, லடாக் முதலிய இடங்களுக்குச் சென்றார். அளவைக் கருவிகளை முதன்முதலில் கையாண்டது இக்குழுவில்தான். பின்னர் 1858 முதல் 1863 வரை மிலாம் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். ஆசிரியர் என்ற பொருளில் வழங்கிய பண்டிதர் என்னும் பட்டம் அதன்பின் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது.

நில அளவைத் துறையில்

வில்லியம் லாம்டன் 1802 இல் சென்னை பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோணவியல் அளவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இமயமலையை எட்டியிருந்தது. ஆனால் அதற்கு அப்பாலிருந்த திபெத்தினுள் ஐரோப்பியர் நுழையத் தடை இருந்தது. ஆங்கிலேய அரசோ அந்நாட்டின் வழிகளையும் ஆறுகளையும் அறிய விரும்பியது. அறிவியல் ஆர்வத்தோடு எல்லைப்புற அரசியல் தேவையும் இதற்குக் காரணமாக இருந்தது. எல்லைப்புற இந்தியர்களைப் பயிற்றுவித்து மாறுவேடத்தில் அனுப்பலாம் என்ற திட்டத்தை அளவைத் துறை அதிகாரியான தாமஸ் மான்ட்கோமரி வகுத்தார். 1863 இல் நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, டேராடூனில் சுமார் இரண்டாண்டுகள் பயிற்சி பெற்றனர்.

அளக்கும் முறை

வெளிப்படையாக அளக்க இயலாததால் தொலைவுகள் யாவும் காலடிகளைக் கொண்டே கணக்கிடப்பட்டன. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவான அடியை வைத்து நடக்க நைன் சிங் பழகினார். ஏறத்தாழ 2,000 காலடிகள் ஒரு மைல் ஆகும். பௌத்தர்களின் செபமாலையில் 108 மணிகள் இருக்கும். நைன் சிங்கின் மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி நகர்த்தப்பட்டது. மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடிகள் என்று பொருள்.

கையில் சுழற்றும் வழிபாட்டுச் சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்புத் தாள்கள் வைக்கப்பட்டன. கோண அளவுகளை எடுக்க உதவும் செக்ஸ்டன்ட் கருவி, பெட்டியின் இரகசிய அடித்தட்டில் மறைக்கப்பட்டது. சோழிகளில் அடைத்துக் கொண்டுசென்ற பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிச் செயற்கைத் தொடுவானமாகப் பயன்படுத்தி, விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு அகலாங்கைக் கணித்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையை வெப்பமானியால் அளந்து இடங்களின் உயரத்தை அறிந்தார்.

லாசா பயணம் (1865 - 1866)

1865 ஜனவரியில் டேராடூனிலிருந்து புறப்பட்ட இருவரும் மார்ச்சில் காத்மாண்டுவை அடைந்தனர். எல்லையில் அதிகாரிகள் திருப்பி அனுப்பவே இருவரும் பிரிந்தனர். மணி சிங்கால் திபெத்தின் உட்பகுதிக்குச் செல்ல இயலவில்லை. நைன் சிங் வேடத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் முயன்று எல்லையைக் கடந்தார். பின்னர் லடாக் வணிகர் கூட்டத்துடன் சேர்ந்து சென்றார். வழியில் ஷிகாட்சேயில் தங்கியபோது பஞ்சன் லாமாவைக் கண்டார். பணம் தீர்ந்த வேளையில் நேபாள வணிகர்களுக்குக் கணக்கு முறை கற்பித்துப் பொருளீட்டினார்.

1866 ஜனவரியில் லாசாவை அடைந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கினார். தலாய் லாமாவையும் இங்குக் கண்டார். நகரின் அகலாங்காக அவர் கணித்த அளவு இன்றைய அளவுக்கு மிக அருகில் உள்ளது. அனுமதியின்றி நகருக்கு வந்த ஒருவர் தலை வெட்டப்பட்டதை அங்கே நேரில் கண்டார். காஷ்மீர் வழிவந்த முஸ்லிம் வணிகர் இருவர் அவருடைய வேடத்தைக் கண்டுகொண்டனர். எனினும் அவரைக் காட்டிக்கொடுக்காமல் கடன் கொடுத்தும் உதவினர். அதன்பின் நைன் சிங் வெளியில் நடமாடுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் லாசாவைவிட்டுப் புறப்பட்டு, சாங்போ ஆற்றையொட்டி மேற்கே நடந்து மானசரோவர் வழியாக இந்தியா திரும்பினார். சுமார் 1,200 மைல் (1,930 கிமீ) தொலைவு, ஏறத்தாழ 25 இலட்சம் காலடிகளில் அளக்கப்பட்டிருந்தது.

பிற்காலப் பயணங்கள்

1867 இல் மணி சிங், கல்யாண் சிங் ஆகியோருடன் பத்ரிநாத் வழியே மானா கணவாயைக் கடந்து மேற்குத் திபெத்துக்குச் சென்றார். சுமார் 16,000 அடி உயரத்திலுள்ள தோக் ஜாலுங் தங்கச் சுரங்கங்களை இப்பயணத்தில் பார்வையிட்டார். சிந்து ஆற்றின் மேற்பகுதி குறித்த செய்திகளும் திரட்டப்பட்டன. 1873 இல் ஃபோர்சித் தலைமையில் யார்கந்து சென்ற தூதுக்குழுவிலும் பங்கேற்றார்.

1874 ஜூலையில் லே நகரிலிருந்து இறுதிப் பெரும்பயணம் தொடங்கியது. லாமா வேடம் பூண்டு, செம்மறியாடுகளின் முதுகில் சுமையேற்றிக்கொண்டு வட திபெத்தின் உயர்நிலங்களைக் கடந்து நவம்பரில் லாசாவை அடைந்தார். ஆனால் தம்மை அறிந்த ஒரு வணிகர் அங்கு வந்திருப்பதை உணர்ந்து, அளவைக் குறிப்புகளைப் பணியாளர் இருவர் மூலம் லேவுக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள்களிலேயே நகரை நீங்கினார். தவாங்கில் ஏறத்தாழ இரண்டு மாதம் தடுத்து வைக்கப்பட்டு, 1875 மார்ச் முதல் நாள் அசாமின் உதால்குரியை அடைந்தார். பல்லாண்டு மலைப்பயணங்களால் அவருடைய உடல்நலம் நலிந்திருந்தது. அதன்பின் அவர் பயணம் மேற்கொள்ளவில்லை. புதிய அளவையாளர்களுக்குப் பயிற்சியளித்து வந்தார்.

பெருமைகள்

பணியின் இரகசியம் கருதி நெடுங்காலம் வரை இவருடைய பெயர் வெளியிடப்படவில்லை. அறிக்கைகள் பண்டிதர் என்றே குறிப்பிட்டன. இலண்டன் அரச புவியியல் கழகம் 1868 இல் இவருக்குத் தங்கக் கடிகாரத்தையும், 1877 இல் தன் உயரிய தங்கப் பதக்கத்தையும் வழங்கியது. பாரிசு புவியியல் கழகமும் கடிகாரம் அளித்துச் சிறப்பித்தது. அரசு இவருக்கு சி.ஐ.இ. பட்டமும், ரோகில்கண்ட் பகுதியில் ஒரு கிராமத்தை மானியமாகவும் வழங்கியது.

மறைவும் நினைவும்

நைன் சிங் 1882 இல் மறைந்ததாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 1895 எனக் கூறுவோரும் உளர். சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறு என்னும் கருத்துக்கு இவருடைய அளவைகள் வலுச் சேர்த்தன. அதை உறுதிசெய்யும் பணியைக் கிந்தூப் முதலிய பின்வந்த அளவையாளர்கள் தொடர்ந்தனர். 2004 ஜூன் 27 அன்று இந்திய அஞ்சல் துறை மாபெரும் முக்கோணவியல் அளவையின் நினைவாக வெளியிட்ட அஞ்சல்தலைகளுள் ஒன்றில் நைன் சிங்கின் உருவம் இடம்பெற்றது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணிப்பில் பங்காற்றிய ராதாநாத் சிக்தார் மற்றோர் அஞ்சல்தலையில் இடம்பெற்றார்.